கயலுக்கு, கையில் கட்டுகிற அந்த பேண்ட் விஷயமாக

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பாதியில் உனக்கு வேறு கால் வந்துவிட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இது பேச்சுவாக்கில் சொல்லி முடிக்கிற விஷயமாகவும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மெட்ரோவில் போகும்போது படி.

உங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் கையில் கட்ட ஒரு பேண்ட் தருகிறார்கள், கூடவே ஒரு செயலி. தூக்கம், நடை, ஸ்ட்ரெஸ் எல்லாம் அளக்குமாம். தினமும் காலையில் இன்றைக்கு மனநிலை எப்படி என்று கேட்டு ஐந்து முகங்களில் ஒன்றைத் தொடச் சொல்லுமாம். கட்டிக்கொள்கிறவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் ஏதோ சலுகை. கட்டாயமில்லை, ஆனால் டீமில் எல்லாரும் வாங்கிவிட்டார்கள், 'நானும் வாங்கிக்கவாம்மா?' என்று கேட்டாய். அதோடு, சொல்ல வந்து பாதியை விழுங்கின மாதிரி, தூக்கம் வராத ராத்திரிகளில் ஏஐ சாட்டில் மனசில் இருப்பதைக் கொட்டுவதாகவும் சொன்னாய்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்ன கொட்டுகிறாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. மனசில் இருப்பதை வெளியே விடுவது நல்லதுதான். மனநலப் பிரிவில் வேலை பார்த்தவள் வேறு எப்படிச் சொல்வேன்? வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வயிற்றுவலி, தலைவலி என்று ஒவ்வொரு ஓ.பி.யாகச் சுற்றி, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். பேசு. ஆனால் கேட்கிற காது எதற்குக் கட்டுப்பட்டது என்று தெரிந்துகொண்டு பேசு. இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பேண்டுக்கு வருகிறேன். அதன் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். தோலுக்குள் ரத்தம் பாய்வதற்கு ஏற்ப, திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறையும். அதை வைத்து நாடியை எண்ணுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்கும் நேரம் எப்போதும் ஒரே அளவாக இருக்காது. உடம்பு ஓய்வாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும், நெருக்கடியில் குறையும். இதைக் கணக்குப் போட்டுத்தான் ஸ்ட்ரெஸ் இத்தனை என்று ஒரு எண்ணைக் காட்டுகிறது. ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சல் வந்தாலும் அந்த எண் மாறும். காபி குடித்தால், தூக்கம் கெட்டால், மாதவிலக்கு நெருங்கினால், தைராய்டு இருந்தால், எல்லாவற்றுக்கும் மாறும். அதற்குத் தெரிந்தது நாடி மட்டும்தான். மனசு என்பது அது போடுகிற ஊகம்.

வார்டில் ஒருவருக்கு நாடி 110 என்றால் 110 என்றுதான் எழுதுவோம். 'பயந்திருக்கிறார்' என்று எழுத மாட்டோம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நோயாளியின் குறை அவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 'நெஞ்சு படபடங்குது.' 'ராத்திரியில யாரோ பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ.' அவர் சொன்னது ஒரு இடத்தில், நாங்கள் பார்த்தது ஒரு இடத்தில், டாக்டர் நினைப்பது இன்னொரு இடத்தில் இருக்கும். பத்து வருஷம் கழித்து வேறு டாக்டர் எடுத்துப் பார்த்தாலும் எது யார் வார்த்தை என்று தெரியும். உன் பேண்ட் மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரு எண்ணாக்கிவிடுகிறது. அந்த எண்ணைப் பார்க்கிற மேனேஜருக்கு உன் மனசு தெரிந்துவிடுமோ என்பதல்ல என் பயம். தெரியாமலேயே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அடுத்த பிராஜெக்டுக்கு ஆள் எடுக்கும்போது, 'கயலுக்கு இப்ப கொஞ்சம் பிரஷர் ஜாஸ்தி, விட்டுடலாம்' என்று அக்கறையோடுதான் சொல்வார்.

தனி ஆள் விவரம் போகாது, டீமின் சராசரி மட்டும்தான் போகும் என்று எச்ஆரில் சொன்னார்கள் என்றாய். உங்கள் டீமில் ஏழு பேர். நீ ஊருக்கு வந்திருக்கிற வாரம் சராசரி இறங்கி, திரும்பிப் போனதும் ஏறினால், அது யாருடையது என்று கண்டுபிடிக்க ஜோசியரா வேண்டும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த வருஷம், எந்த ஊர்ப் பெண் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

ஓ.பி. முடிகிற நேரம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், கையில் கால் கிலோ அல்வாப் பொட்டலத்தோடு ஹெட் சிஸ்டரிடம் வந்தார். 'சிஸ்டர், ஒரு சின்ன வெவரம். எங்க அண்ணன் மவனுக்கு ஒரு பொண்ணு பாத்துருக்கோம். நல்ல எடம். ஆனா அந்தப் பிள்ள இங்க வந்து மாத்திர வாங்குச்சுன்னு ஒருத்தன் சொல்லுதான். ஆமா, இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.' அந்தப் பெண் எங்களிடம் வந்தவள்தான். பரீட்சை சமயத்தில் தூக்கம் போய், கையெல்லாம் நடுங்கி, சில மாதம் மருந்து எடுத்தாள். நன்றாகிப் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

ஹெட் சிஸ்டர் பதிவேட்டைத் தொடவே இல்லை. 'யாரு வந்தா, யாரு வரலன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல அண்ணாச்சி. நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளையப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் இதேதான் சொல்லுவோம்' என்றார். அல்வா பொட்டலம் வந்தபடியே திரும்பிப் போனது. அந்த ஆள் போனபிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: 'வராத பிள்ளைய பத்திக் கேட்டா, நம்ம வாய் தானா இல்லன்னு சொல்லிரும். நல்லதுதானேன்னு தோணும். அப்படிச் சொல்லிப் பழகிட்டா, வந்த பிள்ளைக்கு நாம சும்மா இருக்கறதே ஆமான்னு ஆயிரும். அதனால எல்லாருக்கும் ஒரே பதில்.'

எனக்கு இன்றைக்கும் அந்த அறிவு ஆச்சரியம்தான். என்ன பேசினாள் என்பது அப்புறம். வந்தாள் என்பதே முதல் ரகசியம். கம்ப்யூட்டர் பெரியவர்கள் இதை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்துகொண்டு காசாக்குகிறார்கள். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்று ஆன்லைனில் கவுன்சிலிங் தருகிற பெரிய நிறுவனம் இருக்கிறது. விவரம் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரி, ஐபி முகவரி, சேரும்போது நிரப்பிய கேள்வித்தாளின் விவரம் இதையெல்லாம் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. கவுன்சிலரிடம் அழுதுகொண்டு சொன்னதை யாரும் விற்கவில்லை. இந்த முகவரிக்காரர் கவுன்சிலிங் தேடி வந்தார் என்ற ஒரு வரி போதுமாக இருந்தது.

பேசினதே வெளியே போன கதையும் உண்டு. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்று ஒரு மனநல சிகிச்சை நிறுவனம், நாடு முழுக்கக் கிளைகள். அங்கே சிகிச்சையாளர்கள் எழுதி வைத்த குறிப்புகள் இருந்த கம்ப்யூட்டருக்குச் சரியான பூட்டே இல்லை. ஒருவன் உள்ளே புகுந்து சுமார் 33,000 பேரின் குறிப்புகளை அள்ளிக்கொண்டான். 2020 அக்டோபரில் விஷயம் வெடித்தது. முதலில் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டான். கிடைக்கவில்லை என்றதும் குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இணையத்தில் போட ஆரம்பித்தான். அப்புறம் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் போனது: 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ, தாமதமானால் 500, இல்லாவிட்டால் நீ சொன்னதெல்லாம் வெளியே வரும். நினைத்துப் பார். அப்பா அடித்தது, கணவனுக்குத் தெரியாதது, சாகலாம் என்று நினைத்த ராத்திரி, இப்படி ஒரே ஒருவரை நம்பிச் சொன்னதை முகம் தெரியாதவன் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுகிறான். அவன் பிடிபட்டு 2024 ஏப்ரலில் 6 வருஷம் 3 மாதம் தண்டனை வாங்கினான். நிறுவனம் அதற்கு முன்பே திவால். குறிப்புகளைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்ட வழியில்லை.

நாங்கள் வேலை பார்த்த காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஒரே மேஜையைச் சுற்றி நாலு நோயாளி, அவர்களோடு வந்தவர்கள், பயிற்சி மாணவர்கள். ஒருவர் அழுவதை அடுத்தவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ரெக்கார்டு அறையில் மழைத்தண்ணீர் புகுந்து கேஸ் ஷீட் கட்டுகள் ஒட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. ஆனால் காதில் விழுந்தது நாலு தெரு தாண்டாது. தாளில் இருந்ததை 33,000 பேருடையது என்று ஒரே ராத்திரியில் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நீ பேசுகிற சாட் விஷயத்துக்கு வருகிறேன். அது பொறுமையாகக் கேட்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கும் சலிப்பதில்லை, 'எல்லாம் சரியாயிரும்' என்று உன் சித்தி மாதிரி பேச்சை முடித்துவைப்பதில்லை. அதெல்லாம் சரி. டாக்டரிடம் சொன்னால், நர்ஸிடம் சொன்னால், அதைக் காப்பாற்றும் கடமை 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவாக எழுதப்பட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் விவரத்துக்கும் அது பொருந்தும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. சாட் செயலி டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இதை நான் சொல்லவில்லை. சாட்ஜிபிடி கம்பெனியின் தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 ஜூலையில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார்: டாக்டரிடமும் வக்கீலிடமும் பேசுவதற்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு இந்த உரையாடல்களுக்கு இன்னும் இல்லை, கோர்ட் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம் என்று. அந்த வருஷம் மே மாதம் நியூயார்க்கில் ஒரு பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு உத்தரவே வந்தது. சில மாதம் கழித்து அதைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அந்த மாதங்களில் 'டெலீட்' அமுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினவர்களை நினைத்துக்கொள்.

இன்னொன்று. நீ உன் மனசைக் கொட்டும்போது நாங்களும் அதில் இருப்போம். அப்பாவின் மருந்து, அண்ணன் வாங்கின கடன், உன் தோழி உன்னை நம்பிச் சொன்னது. அது உன்னுடைய விவரம் மட்டுமில்லை. பெயர், ஊர், ஆபீஸ் பெயர் போடாமல் 'என் தோழி ஒருத்தி' என்று எழுதினாலும் அது உனக்கு அதே பதிலைத்தான் தரும்.

மனநலப் பிரிவுக்கு வருவதற்கு முன்னால் நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். அங்கே பென்டதால் என்று ஒரு மயக்க மருந்து. வெளிர்மஞ்சள் பொடி, தண்ணீரில் கரைத்து ஏற்றுவோம். ஏறும்போது வாயில் பூண்டு வாடை அடிக்கிறது என்பார்கள், அடுத்த நிமிஷம் ஆள் தூங்கியிருப்பார். கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்து போட்டவர்கள்தான் தெளியும்போது பேசுவார்கள். பாடுவார்கள், அழுவார்கள், யார் பெயரையாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். மீசை முறுக்கிக்கொண்டு வந்த ஆள் சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவைத் தேடுவார். புதிதாக வந்த நர்ஸுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறது: மயக்கத்தில் பேசினதை வெளியே சொல்லாதே என்பது மட்டுமில்லை, தெளிந்த பிறகு அவரிடமே சொல்லிச் சிரிக்காதே. தான் என்ன சொன்னோம் என்று தெரியாமல், அதை இன்னொருத்தர் கேட்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தால், அந்த ஆள் உன் முகத்தைப் பார்க்கவே கூசுவார்.

அதே பென்டதாலைத்தான் 2000-த்துக்குப் பிறகு போலீஸ் விசாரணையில் நார்கோ பரிசோதனை என்று பயன்படுத்தினார்கள். பெங்களூரில் நிறைய நடந்தது. அரை மயக்கத்தில் ஆட்கள் உளறும் வீடியோ டிவியில் ஓடியது. தியேட்டர் ஓய்வறையில் அதைப் பார்த்தபோது எங்களுக்குக் கேவலமாக இருந்தது. குற்றவாளியோ இல்லையோ, மயக்கத்தில் பேசினது அது. அப்புறம் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, வாக்கியங்களைக் காதில் போட்டு, மூளைக்கு அந்தச் சம்பவம் 'தெரிகிறதா' என்று பார்க்கும் சோதனை. 2008-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அந்தச் சோதனையையும் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

2010 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. செல்வி எதிர் கர்நாடக அரசு என்று அந்த வழக்குக்குப் பெயர். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணனும் இன்னும் இரண்டு நீதிபதிகளும். நார்கோவோ, பொய் கண்டறியும் சோதனையோ, மூளைச் சோதனையோ, ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்றார்கள். பேசுவதா, பேசாமல் இருப்பதா என்பது அவரவர் முடிவு, மனசுக்கும் அந்தரங்கம் உண்டு என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-இல் 9 நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட 2010 தீர்ப்பு பெரிது. ஒருவேளை அந்த மஞ்சள் பொடியைக் கையால் கரைத்தவள் என்பதால் இருக்கலாம்.

போலீஸ் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. ஆபீஸ் கேட்டால்? அங்கே யாரும் ஊசி போடப் போவதில்லை. ஒரு 'ஐ அக்ரி' பட்டனும், டீமில் எல்லாரும் வாங்கிவிட்டார்கள் என்ற கூச்சமும் போதும்.

மூளைச் சோதனைக் கதை அதோடு முடியவில்லை. எங்களிடம் இஇஜி, அதாவது மூளை அலையைப் பதிவு செய்கிற சோதனை, எடுக்க வருகிறவரை, தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்வோம். பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டவே நேரம் போய்விடும். இப்போது தலைப்பட்டை மாதிரி ஒன்றை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். சிலி நாட்டில் கிரார்டி என்று ஒரு முன்னாள் செனட்டர் அப்படி ஒன்றை வாங்கினார். அவருடைய மூளை அலை விவரமெல்லாம் விற்ற கம்பெனியின் கணினியில் போய் உட்கார்ந்திருந்தது. வழக்குப் போட்டார். 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை அழிக்கச் சொன்னது. 2021-லேயே மூளை விவரத்தைக் காப்பாற்ற அவர்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்திருந்ததால் இது முடிந்தது. சீனாவில் செஜியாங் மாகாணத்தில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கே இதை மாட்டினார்கள். பாடத்தைக் கவனிக்கிறதா இல்லையா என்று நெற்றியில் விளக்கு நிறம் மாறும், விவரம் ஆசிரியருக்கும் பெற்றோரின் குரூப்புக்கும் போகும். 2019-இல் விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். அந்த குரூப்பில் நான் இருந்திருந்தால் பார்க்காமல் இருந்திருப்பேனா? கணக்கு வகுப்பில் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதை தினமும் பார்த்திருப்பேன், சாயங்காலம் கேட்டும் இருப்பேன். அதனால்தான் பெற்றவர்கள் கையிலும் அதைக் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

இதைச் சொன்னதும் யூடியூபில் பயமுறுத்துகிற மாதிரி, மனசைப் படிக்கும் யந்திரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. 2023-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், மூளை ஸ்கேனை வைத்து ஒருவர் கேட்கும் கதையின் சாரத்தை எழுத்தில் கொண்டுவந்தார்கள், உண்மை. அதற்கு அந்த ஆள் பல மணி நேரம் ஸ்கேனருக்குள் படுத்து ஒத்துழைக்க வேண்டும். வேறு எதையாவது நினைத்தாலே அது தடுமாறிவிடும். உன் மனசு யந்திரத்துக்குத் தெரிவது அப்படியல்ல. நீயே தட்டச்சு செய்ததாலும், காலையில் நீயே ஒரு முகத்தைத் தொட்டதாலும்தான்.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தென்காசி மாமாவிடம் கேட்டேன். வக்கீல் இல்லையா, அரை மணி நேரம் பேசினார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். எதற்காக விவரம் எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும். சம்மதத்தைக் கொடுத்த மாதிரியே சுலபமாகத் திரும்ப வாங்கவும் முடிய வேண்டும். திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குத்தான் போகும், விவரம் பறிபோனவர் கைக்கு வராது. மனநலம், உடல்நலம் போன்றவற்றைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் காவல் வைக்கவில்லை. உன் செருப்பு சைஸும் உன் மனநிலையும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். உனக்கு முக்கியமானது இதற்கு மேல்தான் இருக்கிறது. வேலை தொடர்பான சில காரியங்களுக்குச் சம்மதம் இல்லாமலேயே முதலாளி விவரத்தைப் பயன்படுத்த அதில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பேண்ட் அதில் வருமா என்று கேட்டேன். 'வரும்னும் வாதாடலாம், வராதுன்னும் வாதாடலாம்' என்றார் மாமா. இதற்கு ஃபீஸ் வாங்காமல் இருந்தாரே.

ஆகவே என் பதில்: ஆபீஸ் தருகிற பேண்டை வாங்காதே. தூக்கத்தைப் பார்க்க உனக்கே ஆசை இருந்தால் நீயே ஒன்று வாங்கு, ஆபீஸ் ஐடி இல்லாமல், உன் சொந்த மின்னஞ்சலில். காப்பீட்டுச் சலுகையை விட மனசில்லை என்றால் வாங்குவதற்கு முன் எச்ஆருக்கு ஒரு மெயில் போடு. வாயால் கேட்காதே, வாயால் கேட்டால் 'டோன்ட் வொரி' என்றுதான் பதில் வரும். பேண்ட் விவரம் எந்தக் கம்பெனியின் கணினிக்குப் போகிறது, காப்பீட்டுக் கம்பெனிக்கு என்ன போகிறது, சராசரி போடக் குறைந்தது எத்தனை பேர், வேலையை விட்டால் எத்தனை நாளில் அழிப்பார்கள், வாங்காதவர் பட்டியல் யாரிடம் இருக்கும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. ஹெட் சிஸ்டர் சொன்னதுதான், எல்லாரும் கட்டியிருக்கும் இடத்தில் கட்டாத கையும் ஒரு பதில்.

சாட்டை நிறுத்து என்று சொல்லவில்லை. செட்டிங்ஸில் உன் பேச்சை ஏஐக்குக் கற்றுக்கொடுக்க எடுத்துக்கொள்ளாதபடி வைக்க வழி இருக்கும், அதைச் செய். ஆபீஸ் லேப்டாப்பில் ஒருபோதும் திறக்காதே. நாலைந்து ராத்திரி தொடர்ந்து தூக்கம் வரவில்லை என்றால் சாட்டோடு நிற்காதே. டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நேரில் போவதென்றால் மனநல மருத்துவர், இல்லாவிட்டால் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதிவு எண்ணைக் கேட்டுப் பார், தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அவர் வேண்டாம். போகிறாயா, போகவில்லையா என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணம் தேவைப்பட்டால் எதற்கு என்று சொல்லாமல் கேள்.

சித்தி உன் பயோடேட்டாவை அவர்கள் குரூப்பில் போடட்டுமா என்றாள். போன் நம்பர், ஆபீஸ் பெயர், பிறந்த நேரம் எல்லாம் இருக்கிறது அதில். உன்னைக் கேட்காமல் எதுவும் போகாது என்று சொல்லிவிட்டேன். கோபம்தான், இரண்டு நாளாகப் பேசவில்லை. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எச்ஆர் என்ன பதில் போட்டார்கள் என்று மட்டும் சொல். மழுப்பினால் அந்த மெயிலை எனக்கு அனுப்பு, அடுத்து என்ன எழுதுவது என்று மாமாவிடம் கேட்டு வைக்கிறேன். பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸா, பஸ்ஸா என்று சீக்கிரம் முடிவு பண்ணு. அப்பா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா